மைலேஜ் மகானும் இறங்காத பயணியும்

பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக அந்தத் தெருவில் நாற்பது வண்டிகள் காலை ஆறு மணியிலிருந்து எஞ்சினை ஓடவிட்டபடி நின்றுகொண்டிருந்தன.

எல்லாமே பழைய வண்டிகள். மூன்று கை மாறியவை, நான்கு கை மாறியவை, எத்தனை கை மாறியது என்று புரோக்கருக்கே மறந்துபோனவை. ஒன்று இருமியது. ஒன்று விக்கியது. ஒன்று நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. ஆனால் ஒன்றைக்கூட யாரும் அணைக்கவில்லை. அணைக்கக் கூடாது என்பது மகானின் கட்டளை. அணைத்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் தூங்கிவிடுவார். தூங்குகிறவரை எழுப்பி இறக்குவது இரண்டு மடங்கு வேலை. ஆகவே இரண்டு மடங்கு காணிக்கை.

நிற்கும்போதே பெட்ரோல் தீர்ந்தவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த பங்க்குக்கு ஓடினார்கள். மகானைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் பங்க் முதலாளிக்குக் கண் கலங்கியது. அவருடைய பக்தியில் நியாயம் இருந்தது.

உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்றுதானே கேட்கிறீர்கள்? அதைக் கண்டுபிடித்ததால்தான் அவர் மகான்; இல்லாவிட்டால் இன்னும் கார் கழுவிக்கொண்டிருப்பார். இரண்டு வருடம் முன்புவரை இப்போது வைத்தியம் பார்க்கிற அதே கொட்டகையில், அதே சிமென்ட் முற்றத்தில், முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் கார் கழுவிக்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஞானம் வந்ததாம். துணியைக் கீழே போட்டார். வெள்ளைக் கோட்டு மாட்டினார். கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டார். "மைலேஜ் மகான்" என்று போர்டு எழுதினார்.

அவருடைய தத்துவம் ஒரே வரிதான். "ஒவ்வொரு பழைய வண்டியிலும் இறங்காத பயணி ஒருவர் இருக்கார்."

எப்போதோ அந்த வண்டியில் ஆசையாகப் போன யாரோ ஒருவர் செத்த பிறகும் சீட்டை விட்டு எழுவதில்லை. அவருடைய பாரத்தையும் சேர்த்து இழுப்பதால் வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது. சந்தேகப்பட்டவர்களிடம் மகான் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "புது வண்டி நல்லா மைலேஜ் குடுக்குது, பழைய வண்டி குடுக்கறதில்ல. ஏன்?" கேட்டவர்கள் போய் வரிசையில் நிற்பார்கள். தங்களுக்கு முழங்கால் தேய்வதை அறிந்த அவர்களுக்கு எஞ்சினும் தேயும் என்பது மட்டும் தோன்றவில்லை.

மகான் ஸ்டெதஸ்கோப்பைப் பானெட்டில் வைத்துக் கேட்பார். டிக்கியில் வைத்துக் கேட்பார். கடைசியில் வண்டிக்காரரின் சட்டைப்பையைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பார். அங்கே கனம் தெரிந்தால் நோய் பெரியது. கட்டணம் கிடையாது, காணிக்கை மட்டும்தான். காணிக்கை எவ்வளவு என்று சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது.

பயணி இறங்கிய பிறகு நாற்பது நாள் பத்தியம். ஐம்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது. டிக்கியில் வேண்டாத சாமான் வைக்கக் கூடாது. டயரில் காற்று நிறைய இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் தடவ வேண்டும். இதையெல்லாம் எந்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரும் சும்மா சொல்லுவார். சும்மா சொன்னதை யார் கேட்டார்கள்? காணிக்கை கொடுத்துக் கேட்டதால் எல்லோரும் செய்தார்கள். செய்ததால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. புகழ் மகானுக்குப் போனது. ஐந்தாவது பத்தியம்தான் உச்சம்: நாற்பது நாளும் மைலேஜைக் கணக்குப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இறங்கியவர் கோபித்துக்கொண்டு திரும்ப ஏறிவிடுவார்.

அந்த ஊரில் அதற்கு முன்பும் யாரும் ஒழுங்காகக் கணக்குப் பார்த்ததில்லை. கையில் இருக்கிற ரூபாய்க்குப் போடுவார்கள். டேங்கை நிரப்பியவரை யாரும் கண்டதில்லை. எத்தனை லிட்டர் என்று கேட்டால் பெட்ரோல் முள்ளைக் காட்டுவார்கள். முள் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

அன்று வரிசையில், பழைய காரோடு வந்திருந்த நர்ஸம்மாவுக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரர் நின்றிருந்தார்.

"போன வாரம் பாத்ததுல எனக்கு ரெண்டு பேர் இருக்காங்களாம்" என்றார் அவர் பெருமையாக. "ஒருத்தர் முன்சீட்ல. இன்னொண்ணு எங்க மாமியாராம், பின்சீட்ல."

"மாமியார் எப்ப தவறினாங்க?" என்று நர்ஸம்மா தணிந்த குரலில் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காங்க. காலையிலகூட என்னைத் திட்டினாங்க. மகான்கிட்ட கேட்டேன். முன்கூட்டியே வந்து சீட்டுப் பிடிச்சிருக்காங்களாம்."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

நர்ஸம்மாவுக்கு வீடு வீடாகப் போகிற வேலை. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் புரட்டித் துடைப்பது என்று ஒரு நாளைக்கு எட்டு வீடு, ஒன்பது வீடு. அவருடைய கணவர் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய காரை வாங்கி, மனைவியை வீடு வீடாகக் கொண்டுபோய் விடுவதை இரண்டாவது உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். நர்ஸம்மா உள்ளே கட்டு மாற்றும்போது அவர் வெளியே கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல் அவர் வண்டியின் மைலேஜைச் சொல்வார். "லிட்டருக்குப் பதினஞ்சு குடுக்குது." யார் என்ன கேட்டாலும் எப்படியாவது பதினைந்தில் கொண்டுவந்து முடிப்பார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். மூன்று பொத்தான் போட்டிருந்தார்.

இரண்டாவது மாதம் நர்ஸம்மா சாவியை எடுத்தார். லைசன்ஸ் எப்போதோ வாங்கியிருந்தார். ஓட்டத்தான் அவசியம் வரவில்லை. வண்டி காலையில் ஒரே திருகில் கிளம்பியது. மறுக்காமல் ஓடியது. ஆனால் குடித்தது. பதினைந்து கொடுத்தது ஒன்பதுக்கு இறங்கியது. கறுப்பாகப் புகை விட்டது. உள்ளே பெட்ரோல் நாற்றம்.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போனார். மெக்கானிக் நேர்மையான ஆள். காற்று பார்த்தார், ஃபில்டர் மாற்றினார், பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார், எங்கேயாவது ஒழுகுகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தார். நான்கு நாள் தானே ஓட்டியும் பார்த்தார்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. நான் ஓட்டினா பதினஞ்சுக்குக் குறையாம வருது. உங்ககிட்ட வந்தாத்தான் குடிக்குது. எனக்குத் தெரிஞ்ச வித்தை அவ்வளவுதான்."

மெக்கானிக்கின் வித்தை முடிந்த இடத்தில்தான் மகானின் வித்தை ஆரம்பமாகும்.

நர்ஸம்மாவின் முறை வந்தது. மகான் ஸ்டெதஸ்கோப்பைப் பானெட்டில் வைத்து, கண்ணை மூடினார்.

"ஆம்பள. வயசானவர். பக்கத்து சீட்டு. உங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்."

நர்ஸம்மா சட்டென்று பக்கத்து சீட்டைப் பார்த்தார். டோக்கன் வாங்கும்போது மகானின் மச்சானிடம் கால்மணி நேரம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது அந்தச் சமயத்தில் அவருக்கு நினைவு வரவில்லை.

"மெக்கானிக் ஓட்டினா ஒழுங்கா ஓடுது. நீங்க ஓட்டினா குடிக்குது. அப்ப, உங்ககூட மட்டும் வர்றது யாரும்மா?"

முப்பத்தொரு வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவளிடம் கேட்டால் வேறு யாரைச் சொல்வாள்?

"பெட்ரோல் வாசனை வருதே, அது அவர் பெருமூச்சு" என்றார் மகான். "பெல்ட்டுகூடப் போடாம உட்கார்ந்திருக்கார்."

"அவர் பெல்ட்டு போடாம உட்கார மாட்டாரே."

மகான் ஒரு கணம் தடுமாறினார். "ஆவி கையால பெல்ட்டு போட முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, இறக்கிடுவோம். நீங்க உங்க வாயால 'இறங்குங்க, இனிமே வராதீங்க'ன்னு சொல்லணும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"சொல்லலன்னா?"

"வண்டிய இங்கயே விட்டுட்டு ஒரு விலை வாங்கிட்டுப் போங்க. பயணியோட சேர்த்து வாங்கறதுக்கு எங்க மச்சான்தான் இருக்கான்."

மச்சானுக்கு அடுத்த தெருவில் பழைய கார்க் கடை இருந்தது. அங்கே எல்லா வண்டியிலும் "பயணி இல்லை" என்று ஒட்டியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது நர்ஸம்மா பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். முதல் சிக்னலில் நின்றபோது, பக்கத்து சீட்டில் கிடந்த மருந்துச் சீட்டுகளையும் குடையையும் எடுத்துப் பின்னால் போட்டார். இரண்டாவது சிக்னலில் காலியான சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

அடுத்த நான்கு நாள் அவர் சந்தோஷமாக இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். மூன்றாம் வீட்டுக் கிழவர் ஊசிக்கு அழுததைப் பக்கத்து சீட்டிடம் சொன்னார். மூட்டு வலியைச் சொன்னார். மழை வரும்போல இருக்கிறதே என்றார். யாரும் பதில் சொல்லவில்லைதான். உயிரோடு இருந்தபோதும் கணவர் பாதிக்குப் பதில் சொன்னதில்லை. ஒன்பது கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தார். ஆனால் ஒன்பதில் எட்டு வீடு போய்வர முடியாது. ஊர்க்கோடியில் இருந்த இரண்டு வீடுகளை ஏற்கெனவே விட்டாயிற்று. அதில் ஒரு வீட்டில் காலில் ஆறாத புண்ணோடு ஒரு தையல்காரி இருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றாவிட்டால் அந்தக் கால் தங்காது.

செத்தவரை இறக்குவதா, உயிரோடிருப்பவளின் காலை விடுவதா? மகான் நர்ஸம்மாவுக்கு வைத்த கணக்கு அதுதான்.

வெள்ளிக்கிழமை பெட்ரோல் போட பங்க்குக்குப் போனார். அங்கே குழாய் பிடிப்பது அவருடைய நாத்தனார், கணவரின் கூடப்பிறந்த தங்கை. பதினெட்டு வருடமாக அங்கேதான் வேலை. ஊரில் யார் எவ்வளவு போடுகிறார்கள், யார் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி சீட்டு. மாட்டிய பெல்ட்டு.

"யாருக்கு அண்ணி பெல்ட்டு?"

நர்ஸம்மா சொன்னார். மறைக்கத் தோன்றவில்லை. நாத்தனார் குழாயைத் திரும்ப மாட்டினாள். மூடியைத் திருகினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, எங்கண்ணன் உயிரோட இந்த வண்டியில உட்கார்ந்திருந்தப்ப எவ்வளவு குடுத்துச்சு?"

"பதினஞ்சு."

"அவன் எத்தனை கிலோ?"

"அறுபத்தெட்டு."

"நீங்களும் அவனும் சேர்ந்து போனீங்க, பதினஞ்சு. இப்பவும் நீங்களும் அவனும் சேர்ந்துதான் போறீங்கன்னா, அதே பதினஞ்சுதானே வரணும்? ஒன்பது எப்படி வரும்? செத்ததுக்கப்புறம் வெயிட் போட்டுட்டானா?"

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. "உனக்கு விளையாட்டா இருக்கா? அவர் என்கூட வர்றார்னு ஒருத்தர் சொல்றார். அது பொய்யின்னு சொல்ல உனக்கு அவ்வளவு அவசரமா?"

"அவன் எனக்கும் அண்ணன்தான், அண்ணி."

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. நாத்தனார் அந்த வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஹாரன் நின்றது.

"அவன் வண்டியில இருக்கான்னே வெச்சுக்குவோம்" என்றாள். "ஊர்க் கூட்டத்துக்கு நடுவுல, 'இறங்கு, வராதே'ன்னு சொல்ல உங்களுக்கு மனசு வருதா?"

"வரல."

"அப்ப ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிரம்பி வழிந்தது. மதில்மேல் ஆள், கொட்டகைக் கூரைமேல் ஆள். பயணி இறக்கம் பார்ப்பதற்கு மூன்று தெரு தள்ளியிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

இறக்கத்தின் முறை இதுதான். வண்டியை முற்றத்தின் நடுவில் நிறுத்துவார்கள். எஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிடுவார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. மகானின் மச்சான் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு உள்ளே உட்காருவார். இறங்கிப்போகிறவர் திரும்பிப் பார்க்காமல் இருக்க வண்டியின் பின்பக்கம் முழுவதையும் ஒரு பெரிய சிவப்புப் போர்வையால் மூடுவார்கள். நான்கு தடியர்கள் வந்து தள்ளுவார்கள். வண்டி நகராது. நரம்பு புடைக்கத் தள்ளுவார்கள். அசையாது. "பார்த்தீங்களா பாரத்தை?" என்பார் மகான். பிறகு சொந்தக்காரர் வாயால் "இறங்குங்க" என்று சொல்ல வேண்டும். மகான் பக்கத்துக் கதவைத் திறந்து, யாரையோ கைபிடித்து இறக்கிவிடுவதுபோல் இறக்கிவிட்டு, கதவைச் சாத்துவார். அடுத்த நொடி, யாரும் தொடாமல், வண்டி தானாகவே மெல்ல உருளும். கூட்டத்தின் மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும்.

நர்ஸம்மாவின் வண்டியையும் நான்கு தடியர்கள் தள்ளினார்கள். அசையவில்லை.

"இறங்க மனசில்லாம இருக்கார்" என்றார் மகான். "சொல்லுங்கம்மா."

நர்ஸம்மா வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சீட்டின் குறுக்கே அவர் மாட்டிய பெல்ட்டு இன்னும் இருந்தது.

"சொல்லுங்கம்மா, பின்னால நாப்பது வண்டி நிக்குது" என்றார் மகான்.

"ஒரு வார்த்தைதானேம்மா" என்றார் ரொட்டிக்கடைக்காரர் ஆதரவாக. "எங்க மாமியாரை இறக்கச் சொன்னாங்க, நான் அஞ்சு தடவை சொன்னேன்."

"சொல்ல முடியலன்னா சாவிய மச்சான்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றார் மகான். குரலில் இனிப்பு போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் வண்டியின் பின்பக்கம் போய், சிவப்புப் போர்வையின் ஒரு நுனியைப் பிடித்து, கொடியில் காயும் துணியை எடுப்பதுபோல் சாவகாசமாக இழுத்தாள்.

பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"அண்ணி, இங்க வாங்க. எல்லாரும் வாங்க. இது என்ன லைட்டு?"

கூட்டம் பின்பக்கம் சுற்றி வந்தது. வண்டி ஓட்டுகிற ஊர் அது. அந்த விளக்கு எதற்கு எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லவும் மகானின் அனுமதி வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

மகான் உடனே கையைத் தூக்கினார். "தொடாதீங்க. அதுதான் ஆவியோட கண். இறங்கச் சொன்னதுல கோபம். சிவந்திருக்கு பாருங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கண்ணா இருந்தா இருக்கட்டும்" என்றாள் நாத்தனார். "உள்ள உட்கார்ந்திருக்கிற மச்சான் காலைக் கொஞ்சம் மேல தூக்கட்டும். கண் மூடுதா பாப்போம்."

"காலைத் தூக்கக் கூடாது. தூக்கினா ஆவி அவன்மேல ஏறிடும்."

நர்ஸம்மா இந்த வாக்குவாதம் எதையும் கேட்கவில்லை. அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டான அந்தப் பள்ளத்தில், செருப்பில்லாத ஒரு வலது கால், பயபக்தியோடு பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. குதிகால் தரையில் ஊன்றி, விரலெல்லாம் வெளுத்துப்போய், முழுப் பலத்தோடு. மச்சானின் முகத்தில் மட்டும் சாந்தம் தவழ்ந்தது.

இந்தச் சில நாளாகத் தன் கணவரின் பாரம் என்று எண்ணியிருந்தது அந்தக் காலின் பாரமா என்று அவர் பார்த்தார். பிறகு, ஒரு நர்ஸ் செய்யக்கூடியதைச் செய்தார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய தினசரி வேலை. கையிலிருந்த பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியின் முனையால், மச்சானின் உள்ளங்கால் குழிவில் ஒரு கோடு இழுத்தார்.

உணர்ச்சி நன்றாகவே இருந்தது. மச்சான் "ஐயோ" என்று காலைச் சுருட்டிக்கொண்டு சீட்டின்மேல் ஏறினார்.

ஆவியின் கண் மூடியது. வண்டி உருண்டது.

முதலில் மெல்ல உருண்டது. பிறகு தெம்பாக உருண்டது. முற்றத்தின் கீழ்க்கோடியில்தான் மகான் நின்றிருந்தார். தரிசனம் கொடுக்க வசதியான இடம் அது. வண்டி அவரை நோக்கி, யாருக்கும் கட்டுப்படாத கம்பீரத்தோடு வந்தது. மகான் இடதுபக்கம் நகர்ந்தார்; அங்கே காணிக்கைப் பெட்டி. வலதுபக்கம் நகர்ந்தார், அங்கே அவருடைய போர்டு. பின்னால் சுவர்.

அப்போதுதான் மகான் தன் வாழ்க்கையிலேயே முதல் உண்மையைச் சொன்னார்.

"பிரேக்கைப் பிடிடா, மடப்பயலே!"

மச்சான் பிடித்தார். சிவப்பு விளக்குகள் திரும்ப எரிந்தன. பம்பர் மகானின் வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மதில்மேல் இருந்த ஒருவர், "ஆவியை விட்டுட்டு பிரேக்கைக் கூப்பிடறாரே" என்றார். அவ்வளவுதான், முற்றம் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது.

நாத்தனார் தரையைக் காட்டினாள். "இது கார் கழுவற முற்றம். கழுவின தண்ணி வழியறதுக்காகச் சரிவா கட்டியிருக்கு. பிரேக்கைப் பிடிச்சா நாலு பேர் தள்ளினாலும் நகராது. விட்டா தானா ஓடும். இதுக்கு எங்கண்ணன் எதுக்கு? ஒரு பூசணிக்காயை வெச்சாக்கூட உருளும்."

மகான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மச்சான் செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கூட்டம் காணிக்கைப் பெட்டியைச் சுற்றி வளைத்தது. ஆனால் மனிதர்கள் அவ்வளவு சுலபமாகத் திருந்திவிடுகிறவர்கள் அல்ல. ரொட்டிக்கடைக்காரர் நர்ஸம்மாவிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்: "இந்த ஆளு போலிதான், ஒத்துக்கறேன். ஆனா எங்க மாமியார் விஷயத்துல ஏதோ உண்மை இருக்குன்னுதான் தோணுது."

வெளியே நாற்பது வண்டிகளில் பாதி இன்னும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "வண்டி குடிக்கிறது மட்டும் பொய்யில்லையே. தினமும் வேலைக்கு எப்படிக் கிளம்புவீங்களோ, அப்படியே கிளம்புங்க. நான் பேசாம பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன்."

பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் கழற்றுவதற்குமுன் நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நர்ஸம்மா தலையசைத்தார். அவள் உட்கார்ந்தாள்.

நர்ஸம்மா ஏறினார். கட்டுத்துணியும் மருந்துப் புட்டியும் கத்தரியும் நிறைந்த கனமான தோல்பையைக் கையில் வைத்திருந்தார். அதை, ஸ்டியரிங்குக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குமிழில் மாட்டினார். பை தொங்கியது. குமிழ், பையின் பாரத்தில், கம்பியோடு இரண்டு அங்குலம் வெளியே வந்தது. சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

"அண்ணி, நிறுத்துங்க. இது என்ன?"

"பை மாட்டற கொக்கி."

"இது கொக்கின்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதன்மேல் இருந்த எழுத்து எப்போதோ அழிந்திருந்தது. கணவர் ஓட்டியபோது பை நர்ஸம்மாவின் மடியில் இருக்கும். தானே ஓட்டத் தொடங்கியதும் பைக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. மாட்ட வாகாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டினார்.

"இது சோக்கு" என்றாள் நாத்தனார். "குளிர்ல எஞ்சின் கிளம்பறதுக்காகக் கொஞ்ச நேரம் இழுத்துவிடறது. இழுத்தா பெட்ரோல் கூடப் போகும். கிளம்பினதும் உள்ள தள்ளிடணும். நீங்க ஒன்பது மாசமா அதை இழுத்து வெச்சுக்கிட்டே ஊர் முழுக்கச் சுத்தியிருக்கீங்க. மெக்கானிக் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்துல தள்ளியிருப்பார். தள்ளினதே அவருக்கு ஞாபகம் இருக்காது."

நர்ஸம்மா பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குமிழை உள்ளங்கையால் தள்ளினார். உறுமிக்கொண்டிருந்த எஞ்சினின் குரல், யாரோ தோளைத் தொட்டுச் சமாதானம் சொன்னதுபோல், தணிந்தது.

நாத்தனார் பங்க்கில் வைத்து டேங்கை வழிய வழிய நிரப்பினாள். அந்த பங்க்கின் சரித்திரத்தில் நிறைந்த முதல் டேங்க் அதுவாகத்தான் இருக்கும். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய தூரத்தை வகுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு.

"பதினஞ்சு அண்ணி. பதினஞ்சேகால்னுகூடச் சொல்லலாம்."

நர்ஸம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் ஊர்க்கோடித் தையல்காரிக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்திருந்தார். கால் தங்கிவிடும். வண்டியும் தங்கிவிட்டது.

"அப்ப, அவர் இல்லையா?" என்று கேட்டார்.

கேலி பேசத் தெரிந்த அந்த நாத்தனாருக்கு இதற்குக் கேலி வரவில்லை. ஜன்னலில் கைவைத்து நின்றாள்.

"இல்ல அண்ணி. வண்டியில இல்ல."

நர்ஸம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ஆனால், ஒன்றை நினைத்து அவருக்கு ஆறுதலாக இருந்தது. நூறு பேர் நடுவில், ஒரு கார் கழுவுகிறவன் மிரட்டியும், "இறங்குங்க, வராதீங்க" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வார்த்தையோடுதான் மிச்ச நாளெல்லாம் வாழ வேண்டியிருக்கும். பெட்ரோலுக்கு விலை உண்டு. சொல்லாமல் விட்ட அந்த நிம்மதிக்கு விலை கிடையாது. மகான் திருட இருந்தது அதைத்தான்.

அவர் இன்றும் வண்டி ஓட்டும்போது பேசுகிறார். கேட்பவர் யாருமில்லை என்று தெரிந்தே பேசுகிறார். அதனால் மைலேஜ் குறைவதில்லை.

மகான் வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இப்போது வண்டிகளை விட்டுவிட்டு, கரண்ட் பில் அதிகமாக வருகிற வீடுகளில் ஆவி இறக்குகிறாராம். அங்கேயும் வரிசை நிற்கிறதாம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செத்தவர்களை நினைப்பதற்கு ஒரு சொட்டுப் பெட்ரோலும் ஆகாது, ஒரு யூனிட் கரண்ட்டும் ஆகாது. அவர்களால்தான் உங்களுக்கு நஷ்டம் என்று ஒருவன் வந்து கணக்குச் சொன்னால், அவன் முகத்தைப் பார்த்து மயங்கி நிற்காதீர்கள். குனிந்து, அவன் கால் எதை மிதித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.